காதால் மெய்ப்புப் பார்க்க முடியுமா? டிடிபி சென்டரில் பார்வையற்றவருக்கு வேலை

அச்சகத்துக்காரர் | 3 பிப்ரவரி 2025, காலை

சின்ன டிடிபி சென்டர், கூடவே புத்தக அச்சு. எம்.ஏ. தமிழ் படித்த பார்வையற்ற தம்பி ஒருவர் வேலை கேட்கிறார். போன் எடுக்கும் வேலை தருகிறேன் என்றால் வேண்டாம், மெய்ப்புப் பார்க்கிறேன் என்கிறார். இலக்கணம் கெட்டி. ஆனால் மெய்ப்பு என்றாலே கண் வேலைதானே? வேடிக்கையாகக் கேட்கவில்லை. செய்தவர்கள், செய்ய வைத்தவர்கள் சொல்லுங்கள்.

திரைவாசி | 3 பிப்ரவரி, மதியம்

முடியும். பக்கம் கட்டிய பிறகு பார்க்கும் பக்க மெய்ப்பு வேண்டாம், அதற்கு முன் எழுத்தை மட்டும் பார்க்கும் உரை மெய்ப்பைக் கொடுங்கள். எந்த மென்பொருள், எந்த எழுத்துரு என்று முதலில் சொல்லுங்கள். பாதிப் பதில் அதில் இருக்கிறது.

அச்சகத்துக்காரர் | 3 பிப்ரவரி, மாலை

பேஜ்மேக்கர் 7. பெரும்பாலும் பாமினி. அரசாங்க வேலை வந்தால் வானவில். இளைய எழுத்தாளர்கள் மட்டும் யூனிகோடில் அனுப்புகிறார்கள், அதையும் நாங்கள் பாமினிக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுகிறோம்.

திரைவாசி | 4 பிப்ரவரி

நினைத்தேன். அந்தத் தம்பிக்குத் தடை உங்கள் எழுத்துருதான்.

பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். எழுத்துரு என்பது மேலே போர்த்திய சட்டை. திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) சட்டையைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் குறியீட்டைத்தான் வாசிக்கும். ஆகவே அவர் காதில் ‘ஜே கே பி ஓ’ என்று விழும்.

இன்னும் மோசம் ஒன்று உண்டு. என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் நிறுத்தக்குறி அளவு ஆரம்பத்தில் ‘சில’ என்றுதான் இருக்கும். அந்த அளவில் செமிகோலனைச் சொல்லாது. பாமினியில் செமிகோலன்தான் புள்ளி. அதாவது பாமினியை ஆங்கில எழுத்தாகவே மனப்பாடம் செய்து வாசிக்கலாம் என்று ஒருவர் துணிந்தாலும் (அப்படித் துணிந்தவர்கள் இருக்கிறார்கள், கும்பிடத்தான் வேண்டும்) மெய்யெழுத்து எல்லாம் உயிர்மெய்யாகத்தான் காதில் விழும்.

யூனிகோடில்தான் தமிழ் எழுத்துக்குச் சொந்தக் குறியீடு உண்டு. பேஜ்மேக்கர் யூனிகோடே அறியாதது. அதைக் கட்டி அழுகிறவரை இந்த வேலை நடக்காது. பதிலாக இன்டிசைன் என்ற பக்கம் கட்டும் மென்பொருள் இருக்கிறது. அதில் யூனிகோட் தமிழ் உடையாமல் வர, பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிஎஸ்6 காலத்திலிருந்தே இருக்கிறது. ‘இன்டிசைனில் கொம்பு தள்ளிப் போகிறது’ என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஒரு தேர்வைத் தொடாதவர்கள்.

சந்திப்பிழை | 4 பிப்ரவரி, இரவு

அரசு 2010-லேயே யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டு முறையையும் தரம் என்று அறிவித்துவிட்டது. இன்னும் வானவில்லில் வருகிறதா?

திரைவாசி | 5 பிப்ரவரி

வருகிறது. டேஸ்16-ல் வந்தாலும் இந்த விஷயத்தில் பயனில்லை. அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது, அந்தக் குறியீடுகளை எப்படி உச்சரிப்பது என்று எந்தக் குரலுக்கும் தெரியாது. அச்சுக்குச் சௌகரியம், காதுக்கு இல்லை.

அச்சகத்துக்காரர் | 5 பிப்ரவரி

பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிப் பார்த்தோம். நடுவில் வரும் ஆங்கிலச் சொல் எல்லாம் கந்தல்.

திரைவாசி | 5 பிப்ரவரி, இரவு

எழுத்துரு மாற்றி மென்பொருளுக்குத் தமிழ் எது, ஆங்கிலம் எது என்று தெரியாது. பாமினிக்கு இரண்டும் ஆங்கிலக் குறியீடுதான். முழுக் கோப்பையும் அள்ளி மாற்றியில் போட்டால் ‘பேங்க்’ என்று ஆங்கிலத்தில் இருந்ததும் ஏதோ தமிழ் எழுத்துக் குவியலாக வரும். செய்ய வேண்டியது:

பேஜ்மேக்கரிலிருந்து உரையை ஆர்டிஎஃப்-ஆக ஏற்றுமதி செய்யுங்கள். வெறும் உரைக் கோப்பாக எடுத்தால் எழுத்துருத் தகவல் போய்விடும், பிறகு பிரிக்கவே முடியாது. வேர்டில் திறந்து, தேடலில் வடிவமைப்பு என்ற இடத்தில் எழுத்துரு பாமினி என்று கொடுத்து, அந்தத் துண்டுகளை மட்டும் மாற்ற வேண்டும். சின்ன மேக்ரோ எழுதிவிட்டால் தானாக ஓடும். தலைப்புக்கு வேறு எழுத்துரு போட்டிருப்பீர்கள், அதன் குறியீட்டு முறை வேறாக இருக்கலாம். எழுத்துருவுக்கு ஒரு முறை என்று தனித்தனியாக ஓட்டுங்கள்.

மாற்றி முடித்ததும் அந்த உரைக்கு மொழி தமிழ் என்று வேர்டில் குறியுங்கள். இதை விட்டால் தானியங்கி மொழி மாற்றம் குழம்பும். ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைப் பார்த்துத் திணறும், கேட்கிறவர் வெறுத்துப்போவார்.

இது மெய்ப்பாளர் வேலை இல்லை, அலுவலக வேலை. அவர் கைக்குப் போகும்போது கோப்பு சுத்தமாக இருக்க வேண்டும். முழுப் புத்தகத்தையும் கொடுப்பதற்கு முன் நடுவிலிருந்து ஐந்து பக்கம் எடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். முதல் ஐந்து பக்கம் வேண்டாம், முன்னுரை எப்போதும் ஒழுங்காகத்தான் இருக்கும்.

அச்சகத்துக்காரர் | 6 பிப்ரவரி

சரி, கோப்பு சுத்தம் என்று வைத்துக்கொள்வோம். காது எதைப் பிடிக்கும், எதை விடும்?

திரைவாசி | 7 பிப்ரவரி

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

காது பிடிப்பது, அதுவும் கண்ணைவிட நன்றாகப் பிடிப்பது: புள்ளி விட்டுப்போன எழுத்து. ‘பாடம்’ ‘பாடம’ ஆகியிருந்தால் கண் தாண்டிப் போய்விடும், காதில் முள்ளாய்க் குத்தும். காலுக்குப் பதில் ‘ர’. சில எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், ‘பரட்டு’ என்று அடித்திருந்தாலும் ‘பாட்டு’ என்றே படித்துக்கொண்டு போவோம். குரல் கூச்சமில்லாமல் ‘பரட்டு’ என்று சொல்லும். அப்புறம் ஔகாரம். ‘கௌரவம்’ என்பதைக் கொம்பு போட்டு, பக்கத்தில் ள போட்டு அடிக்கிறவர்கள் ஏராளம். பார்க்க வித்தியாசமே தெரியாது. காதில் ‘கெ-ள-ர-வம்’. இதைத் தேடி மொத்தமாக மாற்றவும் முடியாது. தெளிவு, வெள்ளம் எல்லாம் சேர்ந்து நாசமாகும். ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் திருத்த வேண்டும். சொல் இரட்டித்தல், சொல் விடுபடல், வாக்கியம் முடியாமல் தொங்குவது இவையும் காதுக்கு எளிது.

காது விடுவது: ன, ந இரண்டும் குரலில் கிட்டத்தட்ட ஒன்று. ர, ற-வும் பல குரல்களில் ஒன்றே. ‘முயற்சி’ என்றாலும் ‘முயற்ச்சி’ என்றாலும் ஒரே சத்தம். வல்லினம் மிகும் இடம் மெதுவாகக் கேட்டால் பிடிபடும், வேகத்தில் தப்பும். இரட்டை இடைவெளி, காற்புள்ளிக்கு முன் இடைவெளி இவை காதுக்கு இல்லவே இல்லை. தேடலில் பிடிக்க வேண்டும். தடித்த எழுத்து, பக்க எண் நிற்கும் இடம், படத்துக்கு மாறிப்போன குறிப்பு இதெல்லாம் கண் வேலை.

குரல் விஷயம்: விண்டோஸில் வரும் ‘வள்ளுவர்’ குரல் கேட்க இதம். மெய்ப்புக்கு நான் ஈஸ்பீக்கைத்தான் சொல்வேன். தகர டப்பாவில் பேசுகிற மாதிரி இருக்கும், ஆனால் இருப்பதை இருக்கிறபடி சொல்லும். இதமான குரல் பிழையையும் இதமாக்கிவிடுகிறது.

பைத்தான் பாண்டி | 7 பிப்ரவரி, நள்ளிரவு

ன-ந, ற-ர பிரச்சினைக்கு என்விடிஏ-வின் பேச்சு அகராதியே (இந்த எழுத்து வந்தால் இப்படிச் சொல் என்று எழுதி வைக்கும் பட்டியல்) போதும் அண்ணே. அதில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் வகை, அதாவது எழுத்து வரும் வடிவத்தை விதியாக எழுதித் தேடும் முறை இருக்கிறது. தமிழில் எந்த மெய்க்குப் பின் எது வரும் என்பது கட்டுப்பாடானது, அதையே விதியாக்கலாம். வடிவம் பொருந்தினால் குரல் ‘டமார்’ என்று சொல்லட்டும். கோப்பு மாறாது, பேச்சு மட்டும்தான் மாறும்.

ந் என்ற மெய்க்குப் பின் த அல்லது ந தவிர எது வந்தாலும் சந்தேகம்: ந்(?![தந])

ற்-க்குப் பின் க, ச, ப, ற மட்டுமே வரும்: ற்(?![கசபற])

வல்லின மெய் இரட்டிப்பு, அதாவது முயற்ச்சி, பயிற்ச்சி, கற்ப்பு வகை: ற்ச்|ற்க்|ற்ப்|ட்க்|ட்ச்|ட்ப்

ண்-க்குப் பின் ற வராது: ண்ற

சொல் முதலில் ன வராது: சொல் எல்லைக் குறியான பேக்ஸ்லாஷ் பி போட்டு, பிறகு ன.

சந்திப்பிழை | 8 பிப்ரவரி

‘ண்ற வராது’ என்கிறீர்கள். ‘கண்றாவி’ என்று ஒரு சொல் இருக்கிறது தம்பி.

பைத்தான் பாண்டி | 8 பிப்ரவரி

😀 அந்தச் சொல் வரும்போது ‘டமார்’ பொருத்தம்தான்.

சந்திப்பிழை | 8 பிப்ரவரி

அதோடு ந் என்ற மெய் சொல் இறுதியில் பொருந், வெரிந் என்ற இரண்டில் வரும் என்று இலக்கண உரைகளில் இருக்கிறது. சங்க இலக்கியப் பதிப்பு வேலை வந்தால் நினைவில் வையுங்கள். இப்போதைக்கு அச்சகத்துக்காரர் கல்யாணப் பத்திரிகைதானே அடிக்கிறார்.

திரைவாசி | 9 பிப்ரவரி

பாண்டி, விதிகள் அருமை. கடைசி விதி மட்டும் ஓடாது. பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தமிழ் உயிர்க்குறியையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. ஆகவே பேக்ஸ்லாஷ் பி ஒவ்வொரு கால், கொம்பு, புள்ளிக்கு அடுத்தும் ‘சொல் எல்லை’ என்று நினைத்துக்கொள்ளும். ‘போனது’வில் டமார். ‘என்ன’வில் டமார். பக்கத்துக்கு நூறு டமார் வந்தால் அவர் ஹெட்போனைக் கழற்றி எறிவார். அகராதியில் ‘முழுச் சொல்’ என்று இருக்கும் வகையும் இதே எல்லையைத்தான் நம்புகிறது, தமிழுக்கு அதையும் தொடாதீர்கள். பதிலாக இது:

(?<![அ-௺])ன

முன்னால் எந்தத் தமிழ்க் குறியும் இல்லாத ன என்று பொருள். அந்த வீச்சுக்குள் உயிர்க்குறிகளும் புள்ளியும் அடங்கிவிடும்.

இரட்டிப்பு விதியில் ட்ச் பற்றி ஒரு வார்த்தை: கிரிக்கெட் புத்தகம் வந்தால் மேட்ச், பிட்ச், கேட்ச் எல்லாம் டமார். அந்த வேலைக்கு மட்டும் ட்ச்-ஐ எடுத்துவிடுங்கள்.

விதிகளை எங்கே வைப்பது? தற்காலிக அகராதியில் வைத்தால் என்விடிஏ-வை மூடியதும் போய்விடும். இயல்பு அகராதியில் வைத்தால் செய்தி படிக்கும்போதும் டமார். குரல் அகராதி என்று ஒன்று இருக்கிறது, குறிப்பிட்ட குரலுக்கு மட்டும் செல்லும். ஈஸ்பீக் தமிழை மெய்ப்புக்கு மட்டும் ஒதுக்கி, விதிகளை அதன் அகராதியில் போடுங்கள். மற்ற வேலைக்கு வள்ளுவர். பிறகு அமைப்புத் தொகுப்பு ஒன்று ‘மெய்ப்பு’ என்று உருவாக்கி, வேர்டு திறந்தால் அது தானே வரும்படி வைக்கலாம்: ஈஸ்பீக் தமிழ், வேகம் குறைவு, நிறுத்தக்குறி ‘எல்லாம்’.

அச்சகத்துக்காரர் | 10 பிப்ரவரி

செலவு?

திரைவாசி | 10 பிப்ரவரி

என்விடிஏ இலவசம். 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் தொடங்கியது, பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்தார், அவரும் பார்வையற்றவர். ஈஸ்பீக் அதனுடனேயே வரும். நல்ல ஹெட்போன், வழக்கமான கணினி, அவ்வளவுதான். யுஎஸ்பி-யில் ஓடும் பதிப்பை நம்பாதீர்கள், முறையாக நிறுவுங்கள். யுஎஸ்பி பதிப்பு நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டியை வாசிக்காது, விண்டோஸ் ஏதோ கேட்கும், அவருக்குக் கணினி உறைந்துபோனதாகத் தோன்றும்.

மானிட்டர் மிச்சம் என்று எண்ண வேண்டாம், பக்கத்து மேசைக்காரருக்கு அது வேண்டும். திரைச்சீலை என்று ஒரு வசதி உண்டு, போட்டால் திரை முழுக் கறுப்பு. கையெழுத்துப்படி ரகசியமாக இருக்க வேண்டிய வேலைக்கு உதவும். கறுப்புத் திரைக்கு முன் ஒருவர் தலையாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து ‘சும்மா உட்கார்ந்திருக்கிறார்’ என்று சொல்ல ஒரு சூபர்வைசர் நிச்சயம் வருவார். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கால்சென்டர் கணேசன் | 12 பிப்ரவரி

தலைப்பு விலகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் போன் வேலைதான். வாடிக்கையாளர் பேச்சும் திரைவாசிப்பான் பேச்சும் ஒரே காதில் விழுந்து குழம்புகிறது. வழி?

திரைவாசி | 12 பிப்ரவரி

என்விடிஏ 2024.2-லிருந்து ஒலிப் பிரிப்பு இருக்கிறது. வாசிப்பான் இடது காது, மற்ற எல்லா ஒலியும் வலது. ஹெட்செட் ஸ்டீரியோவாக இருக்க வேண்டும். கால்சென்டர் ஹெட்செட் பல ஒரு காதுக்கு மட்டுமானவை, அதில் இது நடக்காது.

உங்கள் இடத்தில் பெரிய தடை வேறாக இருக்கும். ரிமோட் டெஸ்க்டாப் வழியாக மென்பொருள் ஓடுகிறதா? அப்படியானால் உள்ளூர்க் கணினிக்கு வருவது வெறும் படம், வாசிப்பான் மௌனம். சர்வர் பக்கமும் என்விடிஏ வேண்டும், 2025.1-லிருந்து உள்ள தொலை அணுகலையும் பாருங்கள், அதற்கும் இரண்டு பக்கமும் என்விடிஏ வேண்டும். அடுத்தது பெயரில்லாப் பொத்தான்கள். ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று மட்டும் சொல்லும். உங்கள் மென்பொருளை எழுதியவர் ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் கொடுத்தால் தீரும். அரை நாள் வேலை. அதைச் செய்ய மறுத்துவிட்டு ‘இவர்களால் வேகமாகச் செய்ய முடிவதில்லை’ என்று அறிக்கை எழுதுவார்கள்.

சந்திப்பிழை | 13 பிப்ரவரி

போன் வேலையை மட்டம் தட்டவில்லை. ஆனால் எம்.ஏ. படித்தவர் எல்லோரையும் போனுக்கு அனுப்புவது பழைய நாற்காலி பின்னும் வேலையின் புதுப் பதிப்பு. யாருக்கு எது வரும் என்று பார்க்காமல் ‘பார்வையற்றவர் என்றால் இது’ என்று ஒதுக்குவதுதான் எரிச்சல்.

அச்சகத்துக்காரர் | 17 பிப்ரவரி

சரி, ஒரு புத்தகத்தை யூனிகோடுக்கு மாற்றிவிட்டோம். அவர் வேர்டில் திருத்திக் கொடுக்கிறார். பக்கம் கட்டும்போது பையன் மறுபடி எதையாவது கெடுத்துவிடுகிறான். மீண்டும் முழுக்கக் கேட்கச் சொல்லவா?

திரைவாசி | 17 பிப்ரவரி

வேண்டாம். உங்கள் வரிசை பழையது: தட்டச்சு, பக்கம் கட்டல், தாளில் எடுத்து மெய்ப்பு, திருத்தம். இதை மாற்றி, பக்கம் கட்டுவதற்கு முன் மெய்ப்பை முடித்துவிட வேண்டும். அவர் மாற்றத் தடத்தை (வேர்டின் ட்ராக் சேஞ்சஸ்) போட்டுக்கொண்டு திருத்தட்டும், ஆசிரியரிடம் கேட்க வேண்டியதைக் கருத்தாக இடட்டும். பக்கம் கட்டி முடித்ததும் இன்டிசைனிலிருந்து உரையை ஆர்டிஎஃப்-ஆக வெளியே எடுத்து, வேர்டின் ஒப்பிடு வசதியில் அவர் முடித்த கோப்போடு வையுங்கள். மாறிய இடங்கள் மட்டும் வரும். அவர் அவற்றை மட்டும் கேட்டால் போதும். கண் மெய்ப்புக்காரர் பக்க அமைப்பை மட்டும் பார்ப்பார்.

பார்வையுள்ள மெய்ப்பாளருக்கும் இந்த வரிசைதான் நல்லது. தாள் மிச்சம், மூன்றாம் மெய்ப்பு என்ற பேச்சே குறையும்.

அச்சகத்துக்காரர் | 18 பிப்ரவரி

கூலி? மற்றவர்களுக்குப் பக்கக் கணக்கு.

திரைவாசி | 18 பிப்ரவரி

அதே பக்கக் கணக்கு, அதே தொகை. ஆனால் கெட்ட கோப்பு வந்தால் அதற்கு ஆகும் நேரம் அவர் தலையில் விழக்கூடாது. எழுத்துரு மாற்றம், ஸ்கேன் சுத்தம் இவற்றை அவர் செய்தால் மணிக்கணக்கில் தனியாகக் கொடுங்கள். ‘பாவம், ஏதோ கொடுப்போம்’ என்று மாதத்துக்கு ஒரு சின்னத் தொகை பேசினால் ஓடிவிடச் சொல்வேன்.

பைத்தான் பாண்டி | 19 பிப்ரவரி

சட்டத்தில் ஏதும் இல்லையா?

சந்திப்பிழை | 19 பிப்ரவரி

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். அரசுப் பணியில் 4 விழுக்காடு, அதில் பார்வையின்மை, குறைபார்வைக்கு 1. தனியாரில் 20 பேரும் அதற்கு மேலும் இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன வசதி, எந்தப் பணியிடம் என்று சமவாய்ப்புக் கொள்கையில் எழுதி வெளியிட வேண்டும். 20 பேருக்குக் குறைவு என்றால் என்ன வசதி என்று மட்டும் எழுதி வெளியிட்டால் போதும். அச்சகத்துக்காரரிடம் 20 பேர் இருக்க மாட்டார்கள், பாதி தப்பித்தார்.

அச்சகத்துக்காரர் | 19 பிப்ரவரி

டீக்கடைப் பையனைச் சேர்த்தாலும் ஏழு.

திரைவாசி | 24 பிப்ரவரி

ஒரு கூடுதல் வேலை வாய்ப்பு: பழைய நூல்களை மின்வடிவாக்குவது. 2012 திருத்தத்துக்குப் பிறகு பதிப்புரிமைச் சட்டம், ஊனமுற்றோர் படிக்கும் வடிவத்துக்கு மாற்றுவதை லாபநோக்கின்றி இருந்தால் அனுமதிக்கிறது. நூலகங்களும் பதிப்பகங்களும் தங்கள் பழைய பட்டியலை எழுத்துணரி (ஸ்கேன் படத்தை உரையாக்கும் மென்பொருள்) வழியாக எடுக்கின்றன. அங்கே காது மெய்ப்பாளர்தான் ராஜா, ஏனென்றால் எழுத்துணரி செய்யும் பிழையே கால்-ரகரக் குழப்பமும் புள்ளி விடுவதும்தான்.

கவனிக்க: என்விடிஏ-வுக்குள் இருக்கும் எழுத்துணரி விண்டோஸுடையது, அதற்குத் தமிழ் தெரியாது. டெசராக்ட் என்ற வேறு எழுத்துணரியில் தமிழ்த் தரவை நிறுவுங்கள், அல்லது கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸாகத் திறவுங்கள். ஸ்கேன் 300 டிபிஐ, சாம்பல் நிறம், பக்கம் சாயாமல். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல் என்றால் பழைய ணை, லை, றா, னா வடிவங்கள் வரும், அங்கே எழுத்துணரி தடுமாறும். அந்த நூல்களுக்கு அசல் பக்கத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு கண் கூட்டாளி கட்டாயம். சொல் தவறு என்று காது சொல்லும், சரி எது என்று எப்போதும் சொல்லாது.

சந்திப்பிழை | 25 பிப்ரவரி

ஆண்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1947, 1974 ஆகிவிட்டால் வாக்கியம் கேட்க ஒழுங்காகத்தான் இருக்கும்.

திரைவாசி | 25 பிப்ரவரி

சரியான இடம். எண்களைத் தனிச் சுற்றாக வையுங்கள்: வேர்டில் எண்களை மட்டும் தேடி ஒவ்வொன்றிலும் நின்று, இலக்கம் இலக்கமாகக் கேட்டு, மூலத்தோடு ஒருவர் வாய்விட்டுச் சொல்ல ஒத்துப்பார்க்க வேண்டும்.

அச்சகத்துக்காரர் | 6 மார்ச்

இன்னொன்று. தம்பி இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியில் அடித்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் குரல் இரண்டு மூன்று முறை உளறுகிறது.

திரைவாசி | 6 மார்ச்

அந்த வகைச் செயலிகள் முந்தைய எழுத்தை அழித்துவிட்டுப் புது எழுத்தை இடுகின்றன, குரல் அழித்ததையும் சொல்கிறது. என்விடிஏ விசையோடு 2 அழுத்தி எழுத்து எதிரொலியை நிறுத்துங்கள், 3 அழுத்திச் சொல் எதிரொலியை வையுங்கள். தமிழ்99 விசைப்பலகையில் இருக்கிறாரா? உயிர் எல்லாம் இடக்கை, மெய் பெரும்பாலும் வலக்கை, ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து அடிக்கிறவர் என்றால் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், ஆரம்பத்தில் திட்டுவார்.

அச்சகத்துக்காரர் | 7 மார்ச்

அவர் தமிழ்99தான். ரோமனில் அடிப்பது நான்.